‘டேஸ் ஆர் நம்பர்ட்’: முடிவு நெருங்குவதைச் சொல்லும் ஆங்கிலத் தொடரைப் பிழையில்லாமல் கையாள

‘ஹிஸ் டேஸ் ஆர் நம்பர்ட்’. நான்கே சொல்லில் அடங்கும் மரபுத்தொடர்தான். எளிதாகத் தெரிவதால் பலரும் சட்டென்று எடுத்தாள்கிறார்கள், அங்கேதான் வழுக்கல். தமிழில் ‘நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்’ என்றால் திருமணத்துக்கோ ஊருக்குப் போவதற்கோ ஆவலோடு காத்திருக்கிறேன் என்று பொருள் வரும். அந்த நினைப்பில் ‘மை டேஸ் ஆர் நம்பர்ட் ஃபார் மை வெட்டிங்’ என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலேயருக்கு அது மரணச் செய்திபோல் கேட்கும். ஆவலைச் சொல்ல ‘ஐ ஆம் கவுண்டிங் தி டேஸ்’ என்று வேறொரு தொடர் இருக்கிறது. ‘கவுண்டிங்’ என்றால் காத்திருப்பு, ‘நம்பர்ட்’ என்றால் முடிவு. வேறெதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் பாதிப் பிழை நீங்கிவிடும்.

முதலில் சொல்லுக்குள் இருக்கும் படத்தைப் பிடியுங்கள்

‘நம்பர்’ என்பதை நாம் பெயர்ச்சொல்லாகவே பழகியிருக்கிறோம். வினைச்சொல்லாக வரும்போது அதற்குள்ள பொருள்களில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று எண் இடுவது: பக்கங்களுக்கு எண் போட்டிருந்தால் ‘தி பேஜஸ் ஆர் நம்பர்ட்’. மற்றொன்று பழைய பொருள்: எண்ணி ஓர் அளவுக்குள் அடக்குவது. நம் தொடரில் இருப்பது இரண்டாவது. நாட்களுக்கு யாரும் எண் ஒட்டவில்லை. ‘இத்தனைதான், இதற்கு மேல் இல்லை’ என்று கணக்கு முடிந்துவிட்டது என்பதே பொருள். தமிழில் ‘எண்ணிப் பத்தே நாள்’ என்கிறோமே, அந்த ‘எண்ணி’யில் இருக்கும் கறார்தான் இதிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் ‘பத்து’ மட்டும் சொல்லப்படுவதில்லை. முடிவு உறுதி, தேதி தெரியாது. தொடரின் உயிர் இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது.

இன்னொரு நுட்பம். ‘ஆர் நம்பர்ட்’ என்பது நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லவில்லை, முடிந்துபோன ஒன்றின் நிலையைச் சொல்கிறது. கதவு பூட்டியிருக்கிறது என்பதுபோல, நாட்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. பத்திரிகைத் தமிழில் இதை ‘நாட்கள் எண்ணப்படுகின்றன’ என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. அந்தத் தமிழை மனத்தில் வைத்துத் திரும்ப ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் ‘ஹிஸ் டேஸ் ஆர் பீயிங் நம்பர்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வழக்கில் இல்லை.

பிறந்த இடம்

விவிலியத்தின் தானியேல் நூல், 5ஆம் அதிகாரம். பாபிலோனில் பெல்ஷாத்சார் விருந்து நடத்துகிறான். எருசலேம் ஆலயத்திலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களில் மது பரிமாறப்படுகிறது. ஒரு கையின் விரல்கள் தோன்றிச் சுவரில் எழுதுகின்றன. அரசவை அறிஞர்களால் படிக்க முடியாத அந்த எழுத்தைத் தானியேல் படித்துச் சொல்கிறார். முதல் சொல் ‘மெனே’: உன் அரசை இறைவன் எண்ணி முடித்துவிட்டார். அன்றிரவே அரசன் கொல்லப்படுகிறான். பாபிலோன் பாரசீகர் வசமானது கி.மு. 539இல்.

1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் ‘நம்பர்ட்’ என்ற சொல்லையே வைத்தது. அங்கே எண்ணப்பட்டது அரசு. இன்றைய தொடரில் எண்ணப்படுவது நாட்கள். ‘தி ரைட்டிங் இஸ் ஆன் தி வால்’ என்ற தொடரும் இதே காட்சியிலிருந்து கிளம்பியதுதான். எனவே இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. அதைக் கீழே பார்ப்போம். கதையைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் பயன் உண்டு: தொடருக்குள் தீர்ப்பின் தொனி ஏன் இருக்கிறது என்பது விளங்கும். ‘சீக்கிரம் முடியும்’ என்று சொல்வதைவிட இது கனமானது. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, நிறைவேற்றம்தான் பாக்கி.

வாக்கியத்தில் உட்கார வைப்பது

நான்கு அச்சுகள் போதும்.

1. உடையவர் + டேஸ் + ஆர் நம்பர்ட். ‘ஹிஸ் டேஸ் ஆர் நம்பர்ட்’, ‘தி ஓல்ட் பிரிட்ஜ்’ஸ் டேஸ் ஆர் நம்பர்ட்’. மனிதர், பொருள், நிறுவனம், பழக்கம் எதற்கும் பொருந்தும்.

2. ‘தி டேஸ் ஆஃப்’ + பெயர் + ஆர் நம்பர்ட். பெயர் நீளமாக இருந்தால் இதுவே வசதி. ‘தி டேஸ் ஆஃப் சீப் பிளாஸ்டிக் பேக்ஸ் ஆர் நம்பர்ட்’.

3. உடையவர் + டேஸ் + ‘ஆஸ்’ + பதவி. ‘ஹெர் டேஸ் ஆஸ் கேப்டன் ஆர் நம்பர்ட்’. முடியப்போவது பதவி மட்டும், ஆள் நலமாகவே இருக்கிறார். ‘ஆஸ் கேப்டன்’ இல்லாமல் ‘ஹெர் டேஸ் ஆர் நம்பர்ட்’ என்று தனியாக நின்றால் உயிருக்கு ஆபத்து என்றும் படிக்கலாம். மனிதரைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கூடுதல் இரண்டு சொற்களைச் சேர்ப்பது நல்லது. இடத்தைக் குறிக்க ‘இன்’, ‘அட்’ வரும்: ‘ஹிஸ் டேஸ் அட் தி கிளப் ஆர் நம்பர்ட்’.

4. இறந்தகாலம்: ‘வேர் நம்பர்ட்’. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல இதுதான். ‘ஃப்ரம் தட் மொமென்ட், ஹிஸ் டேஸ் வேர் நம்பர்ட்’: அந்தக் கணத்திலேயே விதி எழுதப்பட்டுவிட்டது.

உறுதியைத் தளர்த்த ‘மே பி நம்பர்ட்’, ‘குட் பி நம்பர்ட்’ என்று எழுதலாம். செய்தித் தலைப்புகளில் இவையும், ‘ஆர் ஹிஸ் டேஸ் நம்பர்ட்?’ என்ற கேள்வியும் அடிக்கடி வருகின்றன. எழுதுபவர் முழுப் பொறுப்பை ஏற்காமல் தப்ப அது வழி. எதிர்மறை தனியாக நிற்காது. யாரோ முன்பே ‘முடிந்தது’ என்று சொல்லி, அதை மறுக்கும் இடத்தில் மட்டும் ‘நாட்’ இயல்பாக இருக்கும்.

சொற்களை மாற்றக் கூடாத இடங்கள் பின்வருமாறு. ‘டே இஸ் நம்பர்ட்’ என்று ஒருமையில் வராது. ‘கவுண்டட்’ வராது. ‘வெரி நம்பர்ட்’ வராது. எண்ணி முடித்ததற்கு மேல் ‘மிக’ எதற்கு? ‘நம்பர்ட் பை தி மேனேஜர்’ என்று எண்ணியவர் யார் என்பதைச் சேர்க்கக் கூடாது, இந்தத் தொடரில் எண்ணியவர் எப்போதும் மறைந்தே இருப்பார். ‘டேஸ்’ இடத்தில் ‘வீக்ஸ்’, ‘மந்த்ஸ்’ போட்டால் மரபுத்தொடர் கலைந்துவிடும்.

உச்சரிப்பில் ஒரே ஒரு திருத்தம். எழுத்தைப் பார்த்து ‘நம்-ப-ரெட்’ என்று மூன்று அசையாகச் சொல்கிறவர்கள் உண்டு. இரண்டே அசை: ‘நம்-பர்ட்’. அழுத்தம் ‘நம்’ மீது.

எழுதும் முன் மூன்று கேள்விகள்

இலக்கணம் சரியாக இருந்தும் தொடர் தவறான இடத்தில் விழுவதுதான் அதிகம் நடக்கிறது. அதனால் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

அது இப்போது இருக்கிறதா? ஏற்கெனவே முடிந்துபோனதற்கு நிகழ்காலத்தில் இதைச் சொல்ல முடியாது. மூடிவிட்ட கடைக்கு ‘ஆர் நம்பர்ட்’ இல்லை.

முடிவு தவிர்க்க முடியாதது என்று காட்ட வெளிப்படையான காரணம் ஒன்று வந்துவிட்டதா? புதிய சட்டம், புதிய கருவி, தொடர் தோல்வி, வெளிவந்துவிட்ட உண்மை, ஏதாவது ஒன்று. ‘எல்லா மனிதரும் ஒருநாள் சாவார்கள்’ என்ற பொதுக் காரணம் போதாது. விவிலியத்தின் சங்கீதம் 90இல் நாட்களை எண்ணும் அறிவைக் கேட்கும் வேண்டுதல் உண்டு. அது வாழ்வின் குறுமையை நினைவில் வைப்பது, அதைப் பற்றி எழுத நம் தொடர் உதவாது.

தேதி திறந்தே இருக்கிறதா? முடிவு நாள் நாட்காட்டியில் குறிக்கப்பட்டுவிட்டால் தொடரின் வேலை தீர்ந்துவிட்டது. கல்வியாண்டு ஏப்ரலில் முடிகிறது, வாடகை ஒப்பந்தம் 31ஆம் தேதி முடிகிறது என்பதெல்லாம் சாதாரண முடிவுகள். ‘ஹிஸ் டேஸ் ஆர் நம்பர்ட் டில் ஃப்ரைடே’ என்று தேதியை ஒட்டவைப்பது மிகப் பரவலான பிழை. தேதி தெரிந்தால் ‘ஹி லீவ்ஸ் ஆன் ஃப்ரைடே’ என்று நேராகச் சொல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐரோப்பிய ஒன்றியம் பழைய இழை பல்புகளை 2009 செப்டம்பரில் தொடங்கி 2012 வரை படிப்படியாக விற்பனையிலிருந்து நீக்கியது. குறைந்த மின்சாரத்தில் எரியும் விளக்குகள் பரவத் தொடங்கிய காலத்தில் ‘தி ஓல்ட் பல்ப்’ஸ் டேஸ் ஆர் நம்பர்ட்’ என்பது கச்சிதமான வாக்கியம். கால அட்டவணை வெளிவந்த பிறகு ‘இட் இஸ் பீயிங் ஃபேஸ்ட் அவுட்’ என்பதே துல்லியம்.

‘டேஸ்’ என்று இருப்பதால் சில நாட்களில் முடிந்தாக வேண்டும் என்று எண்ண வேண்டாம். டிவிடி பிளேயர் ஜப்பானில் 1996இல் விற்பனைக்கு வந்தது. அப்போதே வீடியோ நாடாவை ஓட்டும் கருவியான விசிஆரின் நாட்கள் எண்ணப்பட்டாகிவிட்டன என்று சொல்லலாம். ஆனால் அதைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது 2016 ஜூலையில். இடையில் ஏறத்தாழ 20 ஆண்டுகள். தொடர் தவறாகிவிடவில்லை, அது காலத்தை அளக்கவில்லை, தலைவிதியைச் சொல்கிறது.

யாரிடம் சொல்லலாம்

இதில் கவனம் தேவை, ஏனென்றால் இலக்கணப் பிழையை மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள்.

‘யுவர் டேஸ் ஆர் நம்பர்ட்’ என்று எதிரில் இருப்பவரிடம் சொன்னால் அது மிரட்டல். தமிழில் ‘உனக்கு நாள் குறிச்சாச்சு’ என்பதற்கு நிகர். நண்பருடைய வேலை போகும்போலிருக்கிறதே என்ற அக்கறையில் மின்னஞ்சலில் எழுதினாலும் தொனி மாறாது. அக்கறையைச் சொல்ல ‘ஐ ஆம் வொரிட் அபவுட் யுவர் ஜாப்’ போதும்.

நோயுற்றவரைப் பற்றி அவருடைய குடும்பத்தாரிடம் இதைப் பயன்படுத்தக் கூடாது. அது ஈரமற்றதாக ஒலிக்கும். ‘ஷி டஸிண்ட் ஹாவ் லாங்’ என்பது மென்மையானது. தன்னைப் பற்றித் தானே ‘ஐ நோ மை டேஸ் ஆர் நம்பர்ட்’ என்று ஒருவர் சொல்வது வேறு. அந்த உரிமை அவருக்கு உண்டு.

பொருட்களைப் பற்றிச் சொல்லும்போது தொடர் இலேசாகிவிடுகிறது. கிழிந்த சோபா, அடிக்கடி நின்றுபோகும் துவைக்கும் இயந்திரம், யாரும் படிக்காத மாத அறிக்கை ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் பொருட்களில் தொடங்குவது பாதுகாப்பு. அலுவலக அறிக்கையில் ஒரு திட்டத்தைப் பற்றி எழுதும்போது, அந்தத் திட்டத்தில் வேலை செய்பவர்களும் அதைப் படிப்பார்கள் என்பதை நினைத்து ‘இஸ் அன்லைக்லி டு கன்டின்யூ’ என்று எழுதுவது மேல்.

பக்கத்து வீட்டுத் தொடர்கள்

முடிவைச் சொல்லும் தொடர்கள் ஆங்கிலத்தில் நிறைய. ஒவ்வொன்றும் முடிவின் வேறு வேறு பக்கத்தைப் பிடிக்கிறது.

‘தி ரைட்டிங் இஸ் ஆன் தி வால்’. இதில் அழுத்தம் அறிகுறி மீது. அதைப் பார்த்தவர் ஒருவர், பார்க்கத் தவறியவர் ஒருவர் என்ற நிழல் எப்போதும் உண்டு. அதனால்தான் ‘ஷி சா தி ரைட்டிங் ஆன் தி வால் அண்ட் லெஃப்ட்’ என்று வினையோடு வருகிறது: அறிகுறியைக் கண்டுகொண்டு முன்கூட்டியே விலகினாள். ‘டேஸ் ஆர் நம்பர்ட்’ முடியப்போகும் பொருளைப் பற்றிப் பேசுகிறது, இது அதைக் காண்பவரைப் பற்றியும் பேசுகிறது. தமிழில் ‘சுவரில் எழுதியிருக்கிறது’ என்று அப்படியே பெயர்த்தால் விளம்பரமும் கோஷமும்தான் நினைவுக்கு வரும். ‘போக்கு தெரிந்துவிட்டது’, ‘அறிகுறி தெளிவாகத் தெரிகிறது’ என்று சொல்லுங்கள்.

‘ஆன் இட்ஸ் லாஸ்ட் லெக்ஸ்’. தேய்ந்து, தளர்ந்து, இழுத்துக்கொண்டு ஓடுவது. காரணம் உள்ளேயே இருக்கிறது. வேறுபாட்டைப் பிடிக்க ஒரு சோதனை: நேற்று வாங்கிய டீசல் காரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நகரத்தில் டீசல் கார்களுக்குத் தடை வரப்போகிறது. அதன் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன, ஆனால் அது ‘லாஸ்ட் லெக்ஸ்’ நிலையில் இல்லை. இன்ஜின் புத்தம் புதிது. மாறாக, இருபது வருடம் ஓடித் துருவேறிய கார் இரண்டு நிலையிலும் இருக்கலாம்.

‘லிவிங் ஆன் பாரோட் டைம்’. கடன் வாங்கிய காலத்தில் வாழ்வது. எப்போதோ முடிந்திருக்க வேண்டியது இன்னும் தொடர்கிறது என்ற வியப்பு இதில் உண்டு.

‘சவுண்டட் தி டெத் நெல் ஃபார்’. முடிவைக் கொண்டுவந்த நிகழ்ச்சியே எழுவாயாக நிற்கும். தமிழில் ‘சாவுமணி அடித்தது’ என்று அப்படியே இருப்பதால் குழப்பம் இல்லை.

‘தி க்ளாக் இஸ் டிக்கிங்’. இதை முடிவுத் தொடராக எடுத்துக்கொள்வது தவறு. கெடு நெருங்குகிறது, ஆனால் இன்னும் ஏதாவது செய்யலாம் என்ற அவசரம் இது. ‘நம்பர்ட்’ என்றால் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

‘ஒன்லி எ மேட்டர் ஆஃப் டைம்’. நல்லதற்கும் வரும்: அவள் வெல்வது எப்போது என்பதுதான் கேள்வி. ‘நம்பர்ட்’ நல்லதற்கு வராது. கொடுங்கோலன் வீழ்வது நமக்கு நல்லதாயிற்றே என்றால், ஆம், ஆனால் அவனுக்கு அது முடிவு. தொடர் அவன் பக்கமிருந்து எண்ணுகிறது.

மேலே சொன்ன விசிஆரையே எடுத்து இவற்றில் நான்கைக் கோத்துப் பாருங்கள். டிவிடியின் வருகை ‘டெத் நெல்’. அன்று முதல் விசிஆரின் ‘டேஸ் வேர் நம்பர்ட்’. நாடாக்களை விற்றுத் தள்ளிவிட்டு வட்டுகளுக்கு மாறிய கடைக்காரர் ‘சா தி ரைட்டிங் ஆன் தி வால்’. உதிரிப்பாகம் கிடைக்காமலும் விற்பனை சுருங்கியும் போன கடைசிக் கட்டத்தில் அந்தத் தொழில் ‘ஆன் இட்ஸ் லாஸ்ட் லெக்ஸ்’. ஒரே வீழ்ச்சியின் நான்கு கோணங்கள். இதுபோல உங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளை எடுத்து நான்கு வாக்கியம் எழுதிப் பழகினால், பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட நன்றாக நிற்கும்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது

ஒரே தமிழ்த்தொடரை எல்லா இடத்திலும் பொருத்தாதீர்கள். எது முடியப்போகிறது என்று பார்த்து வினையைத் தேர்ந்தெடுங்கள். உயிர் என்றால் ‘இனி அதிக நாள் தாங்கமாட்டார்’. பதவி என்றால் ‘அதிக நாள் நிலைக்காது’. இயந்திரம் என்றால் ‘அதிக நாள் உழைக்காது’. வழக்கம், தொழில்நுட்பம் என்றால் ‘காலம் முடியப்போகிறது’. பதவிக்கு ‘ஆட்டம் கண்டுவிட்டது’ என்று எழுதுவோரும் உண்டு, ஆனால் ஆட்டம் கண்டது திரும்ப நிலைபெறலாம்; ஆங்கிலத் தொடரின் உறுதி அதில் இல்லை. எண்ணும் படத்தை விடக்கூடாது என்று நினைத்தால் ‘எண்ணப்படுகின்றன’ என்பதைவிட ‘எண்ணப்பட்டுவிட்டன’ என்பது மூலத்துக்கு நெருக்கம்.

கையைப் பழக்க ஐந்து வாக்கியங்கள்

விடையை மறைத்துக்கொண்டு, சரியா தவறா என்று முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

1. ‘மை டேஸ் இன் திஸ் ஹாஸ்டல் ஆர் நம்பர்ட், தி கோர்ஸ் எண்ட்ஸ் ஆன் 10 மே.’ தேதி தெரிந்த சாதாரண முடிவு. இலக்கணம் சரி, இடம் தவறு. முதல் பாதியை நீக்கிவிடுங்கள்.

2. ‘ஆஃப்டர் தி லீக், தி மினிஸ்டர்’ஸ் டேஸ் இன் ஆஃபீஸ் ஆர் நம்பர்ட்.’ காரணம் உண்டு, தேதி இல்லை, பதவி இன்னும் கையில் இருக்கிறது. மூன்று கேள்வியிலும் தேறுகிறது.

3. ‘தி டேஸ் ஆர் நம்பர்ட் ஃபார் அவர் டூர், வி ஆர் ஸோ ஹேப்பி!’ ‘வி ஆர் கவுண்டிங் தி டேஸ்’ என்று மாற்றுங்கள்.

4. ‘ஹிஸ் டேஸ் ஆர் நம்பர்ட் பை தி டாக்டர்.’ ‘பை தி டாக்டர்’ போக வேண்டும். மருத்துவர் சொன்ன கால அளவைத் தெரிவிக்க வேண்டுமானால் ‘தி டாக்டர் ஹாஸ் கிவன் ஹிம் சிக்ஸ் மந்த்ஸ்’ என்பதே வழக்கு.

5. ‘ஒன்ஸ் தி நியூ பிரிட்ஜ் ஓப்பன்ட், தி ஃபெர்ரி’ஸ் டேஸ் ஆர் நம்பர்ட்.’ பாலம் திறந்தது இறந்தகாலத்தில் இருக்கிறது, படகின் நாட்கள் நிகழ்காலத்தில் நிற்கின்றன. ‘வேர் நம்பர்ட்’ என்று திருத்துங்கள். படகு இன்றும் ஓடுகிறது என்று சொல்ல விரும்பினால் முன்பாதியை ‘நவ் தட் தி நியூ பிரிட்ஜ் இஸ் ஓப்பன்’ என்று மாற்றி, ‘ஆர் நம்பர்ட்’டை அப்படியே விடலாம்.